மேய்ச்சல் மாட்டுக்குப் புண்ணாக்கு தினமும் வைக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவரத்தில் எனக்கு ஒரு தீவனக் கடை. வாங்க வருகிறவர்களில் பலர் சென்னையில் வேலை பார்க்கிறவர்கள். மாடு மட்டும் ஊரில் இருக்கும். பொன்னேரி, ஊத்துக்கோட்டை, உத்திரமேரூர், திருக்கழுக்குன்றம் என்று ஆளுக்கு ஒரு ஊர். மேய்க்க வயதான அப்பாவோ மாமாவோ இருப்பார். மூட்டையை வண்டியில் ஏற்றும்போது அநேகமாக எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, தினமும் போய் வைக்க முடியலை. ரெண்டு நாளைக்கு ஒருதடவை மொத்தமா வெச்சா போதுமா?"

என் மாடுகளும் அப்படித்தான். பொன்னேரிக்குப் பக்கத்தில், ஆரணி ஆற்றங்கரை ஊரில், ஒன்பது நாட்டு மாடுகளும் ஐந்து எருமைக் கடாக்களும் பெரியப்பாவின் பார்வையில் மேய்கின்றன. நான் வாரத்தில் மூன்று நாள் போகிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்கும் சொந்தக் கேள்விதான். கடையில் நின்றுகொண்டு அரைகுறையாகச் சொல்வதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மேய்ச்சலை நம்பி இருக்கும் மாடுகளுக்கு: கறிக்கு வளர்க்கும் எருமைக் கடா, காளைக் கன்று, கிடேரி, பால் வற்றிய மாடு. காலையும் மாலையும் கறக்கிற பசுவுக்குத் தினமும் அடர்தீவனம் (புண்ணாக்கு, தானியம், தவிடு கலந்த சத்துத் தீவனம்) வேண்டும், அதில் நாள் விடுகிற பேச்சே இல்லை.

ஒரே வரியில் சொல்லுங்கள், தினமும் வைக்க வேண்டுமா, வேண்டாமா?

எதை வைக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். புண்ணாக்கு என்றால் ஒன்று விட்டு ஒரு நாள் வைக்கலாம், வாரத்துக்கு மூன்று முறையும் வைக்கலாம். சோறு, குருணை, மக்காச்சோளம் என்றால் தினமும் கொஞ்சமாகத்தான். யூரியா கலந்த எதையும் ஒருபோதும் இரண்டு நாள் பங்காகச் சேர்த்து வைக்கக் கூடாது.

புண்ணாக்கை நாள் விட்டு வைத்தால், இடையில் இருக்கிற நாளில் மாடு என்ன செய்யும்?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். காய்ந்த புல்லையும் வைக்கோலையும் செரிப்பது மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கு நார் மட்டும் போதாது, புரதமும் வேண்டும். மாடு தின்னும் தீனியில் நூற்றுக்கு ஏழு பங்குக்குக் கீழே புரதம் இறங்கினால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். வயிற்றில் வைக்கோல் நகராமல் தேங்கி நிற்கும். வயிறு நிறைந்திருப்பதால் மாடு மேற்கொண்டு மேயாது. பார்க்க வயிறு பானை மாதிரி இருக்கும், முதுகெலும்பு மட்டும் துருத்தும். நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது புண்ணாக்கு உள்ளே போகிறது. அதிலுள்ள புரதத்தின் பெரும்பகுதி பெருவயிற்றில் உடைந்து அம்மோனியாவாகிறது. நுண்ணுயிர்கள் எடுத்தது போக மீதி ரத்தத்துக்குப் போகும். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றும். அதில் கொஞ்சம் சிறுநீரில் வெளியேறும். மீதி எச்சில் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் மறுபடி பெருவயிற்றுக்கே வந்து சேரும். தீனியில் புரதம் குறைவாக இருக்கும் காலத்தில் மாட்டின் உடம்பு இதை இன்னும் சிக்கனமாகச் செய்யும். அதாவது திங்கட்கிழமை தின்ற புண்ணாக்கின் சத்து செவ்வாய், புதன் வரைக்கும் சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. அசைபோடும் பிராணிக்கு இயற்கை கொடுத்த சேமிப்பு இது. கோழிக்குக் கிடையாது, நமக்கும் கிடையாது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், 5 சதவீதம் அளவே புரதமுள்ள காய்ந்த புல் தின்னும் சினை மாடுகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குத் தினமும், இன்னொன்றுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை, மற்றதுக்கு ஆறு நாளுக்கு ஒருமுறை புரதத் தீவனம் கொடுத்தார்கள். மொத்த அளவு எல்லாருக்கும் ஒன்றே. 2002இல் வெளியான அந்த முடிவின்படி, கன்று ஈனும் வரை உடல் எடையிலும் உடல்வாகிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே அவை ஆயிரக்கணக்கான ஏக்கரில் மேயும் கறி மாடுகள். நம்முடையவை ஏரிக்கரையிலும் அறுத்த வயலிலும் மேய்பவை. இனமும் எடையும் வேறு. ஆனால் பெருவயிறு வேலை செய்கிற விதம் ஒன்றுதான்.

அப்படியானால் வாரம் ஒருமுறை வைத்தால் போதுமே?

நான் செய்ய மாட்டேன், உங்களுக்கும் சொல்ல மாட்டேன். ஒரு வாரப் பங்கை ஒரே நாளில் கொட்டினால், முரட்டு மாடு இரண்டு மடங்கு தின்றுவிடும். ஒருநாள் நீங்கள் போக முடியாமல் போனால் இடைவெளி பதினான்கு நாளாகிவிடும். நம் ஊர் அளவுக்கு வாரம் மூன்று முறை சரியாக இருக்கிறது. மாதத்துக்கு முப்பது நடை என்பது பதின்மூன்றாகக் குறைகிறது, அதுவே பெரிய மிச்சம்.

எவ்வளவு வைக்க வேண்டும்? கணக்கு எப்படிப் போடுவது?

முதலில் எடை தெரிய வேண்டும். தராசு தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். அப்புறம் தோள்பட்டை முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம். நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். நெஞ்சளவு 60 அங்குலம், நீளம் 48 அங்குலம் என்றால் சுமார் 260 கிலோ.

250 கிலோ மாடு ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு கிலோ காய்ந்த தீனி தின்னும். அது வைக்கோல் தரத்தில் இருந்தால் 200 கிராம் சுற்றித்தான் புரதம் கிடைக்கும். தேவை சுமார் 400 கிராம். குறைகிற 200 கிராமை அரை கிலோ கடலைப் புண்ணாக்கு ஈடுகட்டிவிடும், அதில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல். தேங்காய்ப் புண்ணாக்கில் இதில் பாதிதான், ஆகவே ஒரு கிலோ வேண்டும். எள்ளுப் புண்ணாக்கு இரண்டுக்கும் நடுவே, கடலைப் பக்கமாக.

இனி நாள் பிரிப்பது. தினமும் அரை கிலோ என்றால் வாரத்துக்கு மூன்றரை கிலோ. ஒன்று விட்டு ஒரு நாள் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ. திங்கள், புதன், சனி என்று மூன்று முறை என்றால் ஒவ்வொரு முறையும் சுமார் 1,200 கிராம். நாளைக் குறைத்தால் அளவைக் கூட்டியே ஆக வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நாளைப் பாதியாக்கிவிட்டு அளவை அப்படியே வைத்திருப்பார்கள். இரண்டு மாதம் கழித்து வந்து, "நீங்க சொன்னபடி செஞ்சேன், மாடு இளைச்சுப் போச்சு" என்பார்கள். மாட்டுக்குப் போனது பாதித் தீவனம்தான், இளைக்காமல் என்ன செய்யும்?

புதிதாகத் தொடங்கும் மாட்டுக்கு முதல் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் சிறு அளவில் கொடுத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் நாள் விடுங்கள்.

சோறு, குருணை, மக்காச்சோள மாவு எல்லாம் ஏன் நாள் விட்டு வைக்கக் கூடாது?

இதற்கு நான் கொடுத்த விலை ஒரு கடா.

நான்கு வருடத்துக்கு முன் தை மாதம். உறவுக்காரர் கல்யாணத்தில் மீந்த சோறு இரண்டு அண்டா கிடைத்தது. வீணாகப் போகக் கூடாதே என்று ஊருக்கு ஏற்றிக்கொண்டு போனேன். மறுநாள் எனக்குக் கடையில் சரக்கு இறங்க வேண்டியிருந்தது. புண்ணாக்கை நாள் விட்டு வைத்துப் பழகியிருந்த புத்தி, இதையும் அப்படியே நினைத்தது. "ரெண்டு நாள் பங்கையும் இப்பவே வெச்சிடலாம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்ற மாடுகளை முட்டித் தள்ளிவிட்டு பெரிய கடா முக்கால்வாசியைத் தின்றிருக்கிறது.

மறுநாள் மாலை பெரியப்பா போன் செய்தார். போனபோது அது படுத்திருந்தது. இடது விலாவுக்குப் பின்னால் கையை வைத்து அழுத்தினால் உள்ளே பாதி நிறைந்த குடம் குலுங்குகிற மாதிரி தண்ணீர்ச் சத்தம். அசை போடவில்லை. சாணம் சாம்பல் நிறத்தில் கூழாகப் போய், புளித்த மாவு வாடை அடித்தது. கண் குழிக்குள் இறங்கியிருந்தது. மருத்துவர் வந்தார், ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். மூன்றாம் நாள் விடியலில் செத்துவிட்டது.

நடந்தது இதுதான். மாவுச்சத்து பெருவயிற்றில் வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. கொஞ்சமாக வந்தால் எச்சிலில் இருக்கும் சோடா உப்பு அதைச் சமாளித்துவிடும். மொத்தமாக வந்தால் அமிலம் ஏறி, நார் செரிக்கிற நுண்ணுயிர்கள் செத்து, உடம்பிலிருக்கும் தண்ணீரை எல்லாம் வயிறு உறிஞ்சிக்கொள்ளும். புரதத்துக்கு உடம்பில் சுற்றுப்பாதை உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா, மாவுச்சத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. தின்ற அன்றே எரிந்து தீரும். அதனால் இரண்டு நாள் பங்கை ஒரு நாளில் கொடுப்பதால் ஆபத்துதான் உண்டு, லாபம் இல்லை.

தானியம், குருணை எதுவானாலும் 250 கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோவைத் தாண்டாதீர்கள், அதையும் முடிந்தால் இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். அதற்கு மேல் போனால் அமில நோய் வராவிட்டாலும் புல் செரிக்கும் திறன் குறையும், மாடு மேய்வதைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய தானியம் இலவசமாகக் கிடைக்கிற புல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில் யாருக்கு லாபம்?

மாட்டுப் பொங்கலன்று பொங்கல் ஊட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் ஊட்டுகிறேன். ஒரு உருண்டை, வாழைப்பழம் ஒன்று, அதோடு சரி. வீட்டுக்கு வீடு ஆசையாக ஒரு தட்டு நீட்டினால் சாயங்காலத்துக்குள் அது ஐந்து கிலோ சோறாகிவிடும். மாடு அசை போடாமல் நின்றாலோ, வயிறு உப்பினாலோ, புளித்த வாடையோடு கழிந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

தவிடு, பொட்டு, பருத்திக்கொட்டை இதெல்லாம் எந்தக் கணக்கு?

கோதுமைத் தவிடும் துவரம் பொட்டும் உளுந்தம் பொட்டும் நடுத்தரம். மாவுச்சத்து குறைவு, நார் அதிகம். ஒன்று விட்டு ஒரு நாள் வைத்தால் பெரிய ஆபத்து இல்லை. அரிசித் தவிட்டில் எண்ணெய் எடுக்காதது என்றால் கொழுப்பு அதிகம், மொத்தமாக வைத்தால் கழியும். அதைத் தினமும் கொஞ்சமாக வையுங்கள்.

பருத்திக்கொட்டையும் பருத்திப் புண்ணாக்கும் நாள் விட்டு வைக்கத் தோதானவை. ஆனால் அதில் காசிபால் என்ற ஒரு பொருள் உண்டு. வளர்ந்த மாட்டின் பெருவயிறு அதைத் தாங்கிக்கொள்ளும், சின்னக் கன்றுக்குத் தாங்காது. இனவிருத்திக் காளைக்கும் நான் கொடுப்பதில்லை.

யூரியா சேர்த்த தீவனம்? நக்கும் கட்டி?

பயிருக்குப் போடும் யூரியாவையே மாட்டின் நுண்ணுயிர்களும் புரதமாக மாற்றிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் புண்ணாக்கு மெதுவாக உடையும், யூரியா சில நிமிடத்தில் அம்மோனியாவாகும். கல்லீரல் சமாளிக்க முடியாத அளவு வந்தால் மாடு நடுங்கும், வாயில் நுரை தள்ளும், வயிறு உப்பும், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே விழுந்துவிடும். அடர்தீவனக் கலவையில் நூற்றுக்கு ஒரு பங்கு என்பதுதான் யூரியாவின் எல்லை. அதையும் தினமும், நன்றாகக் கலந்து, பட்டினி கிடக்காத மாட்டுக்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடவே கூடாது. யூரியாவைத் தண்ணீரில் கரைத்து வைப்பது மிக மோசமான வழி.

தினமும் போக முடியாதவர்களுக்கு யூரியாவும் வெல்லப்பாகும் சேர்த்துச் செய்த நக்கும் கட்டி உதவும். கட்டி கடினமாக இருப்பதால் மாடு நக்கி நக்கித்தான் எடுக்க முடியும், அளவு தானாகக் கட்டுப்படும். ஆனால் நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை என்று ஒரு விஷயம் இருக்கிறது. கூரையில்லாத இடத்தில் கட்டியை வைத்துவிட்டு, ஒரு ராத்திரி மழை பெய்தால் தொட்டியில் யூரியாத் தண்ணீர் தேங்கி நிற்கும். காலையில் தாகத்தோடு வரும் முதல் மாடு அதை ஒரே மூச்சில் குடித்துவிடும். நக்கும் கட்டியை வைப்பதானால் தகரக் கூரைக்குக் கீழே, அடியில் ஓட்டை போட்ட தொட்டியில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எடுத்தே வைத்துவிடலாம், அப்போதுதான் பச்சை கிடைக்கிறதே.

வைக்கோலை யூரியாவில் ஊறவைப்பது இன்னொரு நல்ல வழி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விட்டு எடுத்தால் புரதமும் கூடும், செரிமானமும் கூடும். எடுத்ததும் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மூக்கைக் குத்தும் வாடை போன பிறகு போடுங்கள்.

தாது உப்பும் கல்லுப்பும்?

வளர்ந்த மாட்டுக்கு நாளுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை. புண்ணாக்கோடு கலந்து வைப்பவர்கள் ஒன்று விட்டு ஒரு நாள் என்றால் இரண்டு நாள் அளவைச் சேர்த்துக் கலக்கலாம். பாஸ்பரஸ், தாமிரம் போன்றவற்றை எலும்பும் கல்லீரலும் சேர்த்து வைத்துக்கொள்ளும். வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும், அதனால் வைக்கோலை நம்பியிருக்கும் மாட்டுக்கு இதைத் தவறவிடாதீர்கள். வைட்டமின் ஏ பச்சைப் புல்லிலிருந்து கல்லீரலில் சேர்ந்து இரண்டு முதல் நான்கு மாதம் வரை நிற்கும். தையில் பச்சை தீர்ந்தால் வைகாசியில் அதுவும் தீர்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு வைக்கிற இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் ஒரு மாடு 40, 50 லிட்டர் குடிக்கும்.

எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் நிறுத்துவது?

காலண்டரைப் பார்ப்பதைவிடச் சாணத்தைப் பாருங்கள். பெரியப்பா எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது ஒரு பங்குனி மாதத்தில். பட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய், காலையில் போட்ட சாணத்தைக் குச்சியால் பிளந்து காட்டினார். உள்ளே செரிக்காத வைக்கோல் துண்டு விரல் நகம் நீளத்துக்கு அப்படியே கிடந்தது. சாணம் பரவாமல் தட்டுத் தட்டாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல நின்றது. "இது வயித்துல நின்னு நின்னு வந்திருக்கு தம்பி" என்றார். புண்ணாக்கு தொடங்கிப் பத்து நாளில் அதே மாட்டின் சாணம் தோசை மாவு ஊற்றியது போல வட்டமாகப் பரவி விழுந்தது. நார் பொடிப்பொடியாக இருந்தது. புரதம் போதவில்லை என்று சொல்ல இதைவிட நல்ல சோதனைக்கூடம் எனக்குத் தெரியாது.

பொதுவாகச் சொன்னால், சென்னையைச் சுற்றி அக்டோபரில் மழை பிடித்து டிசம்பர் வரை பெய்யும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வரப்பிலும் மேய்க்காலிலும் இளம் புல் இருக்கும், அதில் புரதம் தாராளம். அப்போது புண்ணாக்கு வைப்பது வீண் செலவு, சிறுநீரில்தான் போகும். சம்பா அறுத்த பிறகு மாடு தாளில், அதாவது வயலில் நிற்கும் நெல் அடிக்கட்டையில், இறங்கும். முதல் இரண்டு வாரம் சிந்திய நெல்லும் களையும் இருக்கும், அப்புறம் வெறும் தாள்தான். மார்ச்சிலிருந்து ஜூன் வரை வாரம் மூன்று முறை கட்டாயம். ஜூலைக்குப் பிறகு மாலை மழை பெய்து புல் துளிர்த்தால் குறைத்துக்கொள்ளலாம்.

அகத்தி, சூபாபுல், வேலிமசால் போன்ற தீவன மரம், செடிகள் வேலியோரம் இருந்தால் கோடையில் பாதிப் புண்ணாக்கை மிச்சம் பிடிக்கலாம். சூபாபுல் மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப் பொருள் முடி கொட்ட வைக்கும்.

காலையில் வைப்பதா, மாலையிலா?

மாலை, மேய்ந்து திரும்பியதும். காலையில் வைத்துப் பழக்கினால் மாடு மேயப் போகாமல் தொட்டியைப் பார்த்தே நிற்கும். உங்கள் பைக் சத்தம் கேட்டதும் மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடிவரும். நாள் விட்டு வைப்பதில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத லாபம் இது: வைக்காத நாட்களில் மாடுகள் தூரமாகப் போய், ஆற்றின் அந்தக் கரை வரை மேய்ந்துவிட்டு வருகின்றன.

ஒரு மாடே எல்லாவற்றையும் தின்றுவிடுகிறதே?

நாள் விட்டு வைப்பது இதற்கும் கொஞ்சம் மருந்து. தினமும் அரை கிலோ வைத்தால் தலைவி மாடு இரண்டு நிமிடத்தில் தன் பங்கை முடித்துவிட்டு அடுத்ததன் பங்குக்குப் போய்விடும். ஒரு கிலோவுக்கு மேல் வைத்தால் அதற்கு நேரம் பிடிக்கும், அதற்குள் சாதுவான மாடும் தன் பங்கைத் தின்றுவிடும்.

எங்களிடம் வெள்ளை நெற்றிக் கிடேரி ஒன்று உண்டு. தொட்டிக்கு இரண்டடி தள்ளி நின்று, பெரிய பசு தலையைத் திருப்பினாலே பின்வாங்கும். தொட்டி அதே தொட்டிதான், நாளை மட்டும் மாற்றிய பிறகு மூன்றாம் வாரத்தில் அது ஓரமாக நுழைந்து தின்னப் பழகியது. ஒரு மாட்டுக்கு இரண்டடி இடமாவது வேண்டும், கொம்புள்ளதுக்கு இன்னும் கூட. இடம் பற்றவில்லை என்றால் பழைய டயரை வெட்டிக் கவிழ்த்து, பத்தடிக்கு ஒன்றாகப் போடுங்கள்.

கன்றுக்கும் சினை மாட்டுக்கும் இதே முறைதானா?

ஒரு வயதுக்குட்பட்ட கன்றுக்குத் தினமும் வையுங்கள். அதன் வயிறு சிறியது, வளர்ச்சி அன்றாடம் நடக்கிறது. ஒரு வயது தாண்டிய கடாவுக்கு வேகமாக எடை ஏற வேண்டும் என்று தானியமும் சேர்த்துக் கொடுப்பீர்களானால், அதற்கும் தினமும்தான். உடம்பை விடாமல் காப்பாற்றினால் போதும், கோடையைத் தாண்டினால் போதும் என்றால் வாரம் மூன்று முறை.

சினை மாட்டுக்கு நாள் விடலாம். ஆனால் கடைசி இரண்டு மாதத்தில் அளவைக் கூட்டுங்கள். கன்று பெரும்பங்கு வளர்வது அப்போதுதான்.

கோயம்பேட்டில் கிடைக்கும் காலிஃபிளவர் இலை, முட்டைக்கோஸ் இலை போதாதா?

நல்ல தீனிதான். காயவைத்துப் பார்த்தால் காலிஃபிளவர் இலையில் தேங்காய்ப் புண்ணாக்குக்கு அருகில் வரும் புரதம் இருக்கும். ஆனால் பத்துக் கிலோ இலையில் ஒன்பது கிலோ தண்ணீர். ஒரு கூடை இலையைப் போட்டுவிட்டு வயிறு நிறைந்தது என்று நினைக்க வேண்டாம். வெறும் வயிற்றில் நிறையப் போட்டால் உப்பும். வைக்கோல் கொஞ்சம் தின்ற பிறகு, மண் போக உதறிப் போடுங்கள்.

உதறும்போது ரப்பர் பேண்ட், நூல், கவர் எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். 2019 அக்டோபரில் திருமுல்லைவாயலைச் சேர்ந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் அறுவை செய்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். வயிற்றில் இடமே இல்லாத மாட்டுக்கு நீங்கள் தினமும் வைத்தால் என்ன, நாள் விட்டு வைத்தால் என்ன? தெருவில் அவிழ்த்துவிடுவதை மேய்ச்சல் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கடைக்காரனாக வாங்குங்கள் என்று சொல்ல வேண்டும், ஆனால் செப்டம்பருக்கு மேல் மூன்று வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கடலைப் புண்ணாக்கு சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பச்சையாகவோ கருப்பாகவோ பொடி படிந்திருந்தால், கட்டி தட்டியிருந்தால், அதைக் கழுவியோ வெயிலில் காயவைத்தோ கொடுக்கக் கூடாது. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வெயிலுக்கும் தண்ணீருக்கும் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். நாள் விட்டு வைக்கும்போது ஒரே வேளையில் அளவு அதிகம் போகிறது, ஆகவே கெட்ட புண்ணாக்கின் கேடும் அதிகம். மூட்டையைத் தரையில் போடாமல் மரப்பலகை மேல், சுவரை விட்டு ஒரு அடி தள்ளி அடுக்குங்கள்.

வைக்காத நாளில் மாட்டைப் பார்க்கப் போக வேண்டாம்தானே?

தீவனத்தை நாள் விட்டு வைக்கலாம். பார்ப்பதை நாள் விடக் கூடாது. நான் போகாத நான்கு நாளும் மாலை ஏழு மணிக்குப் பெரியப்பாவுக்குப் போன் செய்வேன். மூன்று கேள்விதான். பதினான்கும் திரும்பி வந்ததா? எல்லாம் தண்ணீர் குடித்ததா? படுத்து அசை போடுகிறதா? மூன்றாவதற்கு மட்டும் அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு பட்டி வரை நடந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான், "ம், மெல்லுது" என்பார். அந்த இரண்டு நிமிடமும் நான் லைனிலேயே இருப்பேன்.